ஏவலும் கேட்போரும்: ஸ்டார்கிராஃப்ட் காண்டங்களில் கதையும் ஆட்டமும்

கணினி விளையாட்டுகளை எடுத்துரைப்பு நோக்கில் ஆராயும் கட்டுரைகளில் ஒரு நடைமுறை நிலைபெற்று வருகிறது. முதலில் கதைச்சுருக்கம் தரப்படும். தலைமை மாந்தர், எதிர்நிலை மாந்தர் என்னும் வகைப்பாடு தொடரும். தொன்மக் கூறுகள் இரண்டொன்று எடுத்துக்காட்டப்படும். பின்னர் முடிவுரை வந்துவிடும். அந்த விளையாட்டை ஆடுபவர் பல மணிநேரம் தம் கைகளால் என்ன செய்தார் என்னும் வினா எழுவதே இல்லை. மேடையை விட்டுவிட்டுக் கதையை மட்டும் சொல்லும் கட்டுரையை நாடக ஆய்வு என எவரும் ஏற்பதில்லை. விளையாட்டைப் பொறுத்தவரை இக்குறை குறையாகவே கருதப்படாமல் போகிறது.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு மரபு உண்டு. எஸ்பென் ஆர்செத் 1997இல் வெளியிட்ட ‘சைபர்டெக்ஸ்ட்’ நூலும், 2001இல் தொடங்கிய ‘கேம் ஸ்டடீஸ்’ இதழும் விளையாட்டைக் கதையின் கிளைவகையாக அடக்கிவிடும் போக்கைக் கேள்விக்குள்ளாக்கின. 2007இல் கிளின்ட் ஹாக்கிங் ‘பயோஷாக்’ என்னும் விளையாட்டைப் பற்றி எழுதியபோது, கதை ஒன்றைச் சொல்லவும் ஆட்டவிதி வேறொன்றைப் பழக்கவும் நேரும் முரணுக்குத் தனிப்பெயர் இட்டார். அதன்பின் அம்முரணைத் தேடிக் கண்டுபிடிப்பதே திறனாய்வு என்னும் நிலை பரவியது. இரு போக்குகளும் ஒன்றையொன்று மறுப்பன போலத் தோன்றினும், கதையும் ஆட்டமும் இருவேறு பொருள்கள், அவை ஒட்டலாம் அல்லது விலகலாம் என்னும் அடிப்படையில் ஒன்றுபடுகின்றன.

பிளிசார்ட் என்டர்டெயின்மென்ட் நிறுவனத்தின் ‘ஸ்டார்கிராஃப்ட்’ தொடர் இந்த அடிப்படையையே ஐயுறச் செய்வது. 1998 மார்ச்சில் முதல் விளையாட்டும், அவ்வாண்டின் இறுதியில் அதன் விரிவாக்கமான ‘புரூட் வார்’ பகுதியும் வெளிவந்தன. பன்னிரண்டு ஆண்டு இடைவெளிக்குப்பின் ‘ஸ்டார்கிராஃப்ட் 2’ மூன்று பகுதிகளாக வந்தது: 2010இல் ‘விங்ஸ் ஆஃப் லிபர்ட்டி’, 2013இல் ‘ஹார்ட் ஆஃப் தி ஸ்வார்ம்’, 2015இல் ‘லெகஸி ஆஃப் தி வாய்ட்’. ஆட்டக்காரர் கேம்பெயின் என வழங்கும் கதைப்பகுதியை இங்குக் காண்டம் எனவும், அதன் உறுப்பான மிஷனைப் பணி எனவும் குறிப்பது பொருந்தும். முதல் விளையாட்டு பத்துப் பத்துப் பணிகள் கொண்ட மூன்று காண்டங்களால் ஆனது. ஒவ்வொரு காண்டமும் ஓர் இனத்துக்குரியது.

இத்தொடரில் கதை முதன்மையாக நிகழுமிடம் பணிகளுக்கு இடையே வரும் அசைபடக் காட்சிகள் அன்று. யார் யாரை விளித்து ஏவுகிறார், எது அழிந்தால் ஆட்டம் தோல்வியாகும் என்னும் இரண்டிலேதான் அது நிகழ்கிறது. அவ்வாறு நோக்கும்போது, தொழில்நுட்பத்தில் எளியவையான 1998இன் காண்டங்கள் பின்வந்த பெருஞ்செலவுக் காண்டங்களைவிடக் கனமானவை என்பது புலப்படும்.

மூன்று இனங்கள், மூன்று இலக்கணங்கள்

உத்தி விளையாட்டில் ஆடுபவர் களத்தை மேலிருந்து காண்கிறார். கனிமமும் வெஸ்பீன் வாயுவும் சேர்த்து, கட்டடம் எழுப்பி, படை திரட்டிப் போரிடுகிறார். அவருடைய படையின் பார்வை எட்டாத இடம் இருளில் மறைந்திருக்கும். இது மூன்று இனத்துக்கும் பொது. ஆனால் ஒரு கட்டடத்தை எழுப்பும் முறைகூட இனத்துக்கு இனம் வேறுபடுகிறது.

டெரன் என்பார் மனிதர். சூரியக் குடும்பத்துக்கு அப்பால் குடியேறிய நாடுகடத்தப்பட்டோரின் வழித்தோன்றல்கள். அவர்களுடைய தொழிலாளி கட்டடத்தின் அருகே நின்று அது முடியும்வரை வேலை செய்கிறார். கட்டடங்கள் சில நிலத்தைவிட்டு எழுந்து பறந்து வேறிடம் சேர வல்லவை. எந்நேரமும் புலம்பெயரக்கூடிய குடியேற்றத்தாரின் வாழ்வு அந்த ஒற்றை வசதியில் அடங்கிவிடுகிறது. புரோட்டாஸ் என்னும் தொல்லினத்தின் தொழிற்கருவி கட்டடம் வந்திறங்குவதற்கான வாயிலைத் திறந்துவிட்டு அகன்றுவிடும். ஆனால் அக்கட்டடங்கள் அருகிலுள்ள ஆற்றல்தூணைச் சார்ந்தே இயங்குகின்றன. தூண் வீழ்ந்தால் அதைச் சார்ந்தவை செயலற்று நிற்கும். ஸெர்க் என்னும் உயிர்த்திரளின் முறை முற்றிலும் வேறு. அங்கே தொழிலாளியே கட்டடமாக உருமாறிவிடுகிறது. கட்டி முடிந்தபின் கட்டியவர் இல்லை.

இதைக் கதை வாய்விட்டுச் சொல்வதைவிட ஆட்டம் அழுத்தமாகச் சொல்கிறது. ஸெர்க் இனத்தில் தனியுயிருக்கு மதிப்பில்லை என ஒரு பாத்திரம் உரையாடலில் கூறினால் அது செய்தி. பத்தாவது முறையாக ஒரு தொழிலாளியை அழித்துக் கட்டடமாக்கும்போது ஆடுபவர் அது குறித்து எண்ணுவதையே நிறுத்திவிட்டிருப்பார். அப்போது ஸெர்க் மனநிலை அவருடைய பழக்கமாகிவிட்டது. எவரும் அவரை நம்பவைக்க முயலவில்லை. அவர் கனிமத்தைக் கணக்கிட்டுக் கொண்டிருந்தார், அவ்வளவே.

பெயரற்ற கேட்போர்

முதல் விளையாட்டில் ஒவ்வொரு பணிக்கும் முன் ஒரு விளக்கத்திரை தோன்றும். சிறு சட்டங்களுக்குள் அசையும் முகங்கள் பேசும். அவை தமக்குள் வாதிடும், இடையிடையே திரைக்கு இப்பால் இருப்பவரை விளிக்கும். முதற்காண்டத்தில் அவர் மார் சாரா என்னும் குடியேற்றத்தின் மாஜிஸ்திரேட். பின்னர்க் கிளர்ச்சிப் படையில் கமாண்டர். இரண்டாம் காண்டத்தில் ஓவர்மைண்ட் என்னும் ஸெர்க் பேரறிவு அண்மையில் படைத்த செரிபிரேட். மூன்றாம் காண்டத்தில் புரோட்டாஸ் படைக்குப் புதிதாக அமர்த்தப்பட்ட எக்ஸிகியூட்டர். இம்மூவர்க்கும் பெயர் இல்லை, முகம் இல்லை, பேச்சும் இல்லை. மூன்று பதவிகள் மட்டுமே உண்டு.

தமிழ்ப் பொருளிலக்கணம் பயின்றோர்க்கு இந்நிலை அயலானதன்று. தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் 34 உறுப்புகளுள் கூற்றும் கேட்போரும் களனும் அடுத்தடுத்து நிற்பன. அகப்பாட்டில் பேசாத கேட்போர் இன்றி கூற்று பொருள்படுவதில்லை. குறிப்பாக, தலைவன் சிறைப்புறத்தே நிற்கத் தோழி தலைவியிடம் பேசுவதாக அமையும் பாட்டில், சொல் செல்லுமிடம் ஒன்று, அது தைக்குமிடம் மற்றொன்று. வரைவு கடாதல் துறையில் அச்சொல்லின் நோக்கம் கேட்டவனைச் செயலில் இறக்குவது. ஆனால் அவன் செய்வது பாட்டுக்கு வெளியே நிகழும். பாட்டு அதைக் காட்டுவதில்லை.

ஸ்டார்கிராஃப்டின் விளக்கத்திரையும் கேட்போரைச் செயலுக்கு ஏவும் கூற்றே. வேறுபாடு இதுதான்: இங்கே கேட்டவர் செய்வதும் பனுவலின் உள்ளே நிகழ்கிறது. கூற்று ஐந்து நிமிடம், செயல் ஒரு மணிநேரம். கதைச்சுருக்கம் எழுதுவோர் அந்த ஐந்து நிமிடத்தையே பனுவலாகக் கொள்கின்றனர்.

இவ்வொப்பீடு இந்த அளவோடு நிற்கவேண்டும். தமிழாய்வாளர்க்கு இத்தகைய விளையாட்டு கிடைத்தால் வெட்சி, வஞ்சி, உழிஞை, தும்பை எனப் பணிகளுக்குத் திணை வகுத்துவிடும் ஆசை எளிதில் பிறக்கும். முற்றுகைப் பணி உழிஞை, தற்காப்புப் பணி நொச்சி என அட்டவணை ஒன்று அரைநாளில் முடிந்துவிடும். அதனால் திணைக்கோட்பாடு பற்றியும் விளையாட்டைப் பற்றியும் புதிதாக எதுவும் தெரியவராது. கேட்போர் என்னும் கருத்தாக்கம் அவ்வாறானதன்று. விளையாட்டு ஆய்வு தெளிவாகப் பெயரிடாத ஓரிடத்தை அது பெயரிட்டுக் காட்டுகிறது.

காக்கவேண்டியவள்

முதற்காண்டத்தின் ஐந்தாம் பணியில் சாரா கெரிகன் அறிமுகமாகிறாள். ஆர்க்டரஸ் மெங்ஸ்க் தலைமையிலான கிளர்ச்சிப் படையின் துணைத்தளபதி அவள். ஆன்டிகா பிரைம் என்னும் குடியேற்றத்தைக் கூட்டமைப்பு அரசுக்கு எதிராக எழச்செய்ய அவளைப் பகைவரின் தலைமைக் கட்டடத்துக்குள் கொண்டு சேர்க்கவேண்டும். அவள் இறந்தால் பணி தோல்வி. கெரிகனைப் பற்றி ஆடுபவர் அறியும் முதற்செய்தியே இதுதான்: இவள் காக்கப்படவேண்டியவள். அவள் குணநலன் பின்னரே தெரியவரும். விதி முந்திவிடுகிறது.

ஏழாம் பணியில் முற்றுகைக்குள் சிக்கிய கிளர்ச்சியாளர் தப்பவேண்டி, ஸெர்க் திரளை ஈர்த்தழைக்கும் சை எமிட்டர் என்னும் கருவியைப் பகைத்தளத்தின் நடுவே வைக்கவேண்டும். ஆடுபவரே அதைச் செய்கிறார். பகைவரை ஸெர்க் அழிக்கிறது. போர்முறை என்ற அளவில் அது வெற்றி. கெரிகன் மனம் ஒப்பவில்லை எனினும் பணி முடிகிறது. எட்டாம் பணியில் கூட்டமைப்பின் தலைமைக்கோளான டார்சோனிஸின் காவலை உடைக்கவேண்டும். உடைத்தபின் தெரியவருகிறது: திறந்த வழியில் அதே கருவிகள் நிறுவப்பட்டுவிட்டன. இம்முறை அழியப்போவது ஒரு முற்றுகைப்படை அன்று; கோள் முழுதும் வாழும் மக்கள். யார் ஆணையிட்டது எனக் கெரிகன் கேட்கிறாள். தாமே எனத் தயக்கமின்றி விடையளிக்கிறார் மெங்ஸ்க்.

ஒன்பதாம் பணியில் ஸெர்க்கைத் தடுக்கவந்த புரோட்டாஸ் படையை மறிக்கக் கெரிகன் அனுப்பப்படுகிறாள். ஆடுபவர் வெல்கிறார். வெற்றிக்குப் பின்னர் ஸெர்க் திரள் சூழ, மீட்புக்கலம் கேட்கிறாள் கெரிகன். கடற்படைபோல் வானில் நிற்கும் கலத்தொகுதியை அவளை விட்டுவிட்டுப் புறப்பட ஆணையிடுகிறார் மெங்ஸ்க். ஐந்தாம் பணி கற்பித்த விதி இங்கே முறிகிறது. அதை முறித்தவர் ஆடுபவர் அல்லர், தோல்வித்திரையும் தோன்றுவதில்லை. அவள் கைவிடப்பட்டதை ஆட்டம் வெற்றி எனவே பதிவுசெய்கிறது. இக்காண்டத்தின் உச்சம் மெங்ஸ்கின் கொடுமையில் மட்டும் இல்லை. ‘வெற்றி’ என்னும் சொல் திரையில் நிற்கையில் ஆடுபவர் அதை ஏற்கவும் இயலாமல் மறுக்கவும் இயலாமல் நிற்பதில் இருக்கிறது.

இரண்டாம் காண்டம் தொடங்கும்போது அதே விதி வேறு உருவில் திரும்புகிறது. பிறந்தவுடன் செரிபிரேட்டிடம் ஓவர்மைண்ட் ஒப்படைப்பது ஒரு புழுக்கூடு. அது அழிந்தால் தோல்வி. நான்காம் பணியில் கூடு பிளந்து வெளிவருபவள் ஸெர்க் உருப்பெற்ற கெரிகன். அவளைத் தேடி அங்கு வந்து சேர்பவன் அவளை மீட்கத் துடித்த ஜிம் ரேனர். அவன் படையை எதிர்த்து நிற்பது ஆடுபவரின் கடமையாகிறது. முன்பு காத்த அதே கைகள் இப்போதும் அவளையே காக்கின்றன. எவரிடமிருந்து என்பதுதான் மாறிவிட்டது.

மூன்றாம் காண்டம் இதே கருவியை வேறுவகையில் திருப்புகிறது. எக்ஸிகியூட்டரை ஏவுபவர் ஆல்டாரிஸ் என்னும் நீதிமுதல்வர். நெறி பிறழ்ந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட டசடாரைத் தேடிப் பிடிக்க அனுப்புகிறார். கண்டபின் ஆடுபவர் டசடாரின் பக்கம் சேர்ந்து தம் இனத்தாரின் அரசவைப் படையையே எதிர்க்கிறார். இங்கும் ஆடுபவர்க்குத் தேர்வு தரப்படவில்லை. ஏவலை மீறுவதும் மற்றோர் ஏவலாகவே வந்து சேர்கிறது. முதற்காண்ட முடிவில் மெங்ஸ்கைப் பிரிந்து ரேனரோடு செல்வதும் அவ்வாறே. இதைக் குறையாகச் சுட்டுவோர் உளர். ஆனால் பதவியில் இருப்பவன் ஒருவன் தான் கலகம் செய்வதாக நம்பும்போதும் எவரோ ஒருவர் சொல்வதைக் கேட்டே செய்கிறான் என்பதை இவ்வளவு எளிமையாகக் காட்டிய அறிவியற்புனைவு மிகுதியாக இல்லை.

‘புரூட் வார்’ இம்முறையைக் கடைசி எல்லைவரை கொண்டுசெல்கிறது. அதன் டெரன் காண்டத்தில் பூமியிலிருந்து வந்த படையின் கேப்டன், தளபதி டுகாலின் ஆணைப்படி அவருடைய உற்ற நண்பரான ஸ்டூகாவைத் துரோகி எனக் கருதித் துரத்துகிறார். உண்மைத் துரோகி உடன்வந்த டூரான் என்பது ஸ்டூகாவ் சுடப்பட்டபின்னரே வெளிப்படுகிறது. ஸெர்க் காண்டத்தின் நான்காம் பணியில் கெரிகனோடு தோள்கொடுத்து நின்ற கூட்டாளிகளை ஐந்தாம் பணியில் அவர்கள் களைத்து ஓய்ந்திருக்கும் வேளையில் தாக்கவேண்டும். புரோட்டாஸ் வீரன் ஃபீனிக்ஸ் அங்கே வீழ்கிறான். முந்தைய பணியில் அவனுடைய துணையால் வென்ற நினைவு ஆறுவதற்குள் இது நிகழ்கிறது. கதைச்சுருக்கத்தில் ‘கெரிகன் கூட்டாளிகளுக்கு இரண்டகம் செய்தாள்’ என ஒரு தொடரில் முடிந்துவிடும் செயல் இது. ஆட்டத்தில் அதைச் செய்துமுடிக்கக் கனிமம் சேர்த்து, படை பெருக்கி, வழி தேர்ந்து, ஆடுபவர் உழைக்கவேண்டியிருக்கிறது.

பெயரற்ற கேட்போர் என்பது கலைநோக்கால் அமைந்ததன்று, அக்காலத் தொழில்நுட்ப வறுமையின் விளைவே என மறுப்பு எழலாம். அசையும் முகங்களும் குரலும் அன்றி வேறு செய்ய இடமில்லாததால் ஆடுபவரைத் திரைக்கு வெளியே நிறுத்தினர் என்பது உண்மையாகவே இருக்கட்டும். ஒரு வடிவம் எதனால் பிறந்தது என்பது அது என்ன செய்கிறது என்பதைத் தீர்மானிப்பதில்லை. வாய்மொழி மரபின் வருமொழித் தொடர்கள் நினைவின் வசதிக்காகப் பிறந்தவை என்பதால் அவற்றின் அழகு குறைந்துவிடவில்லை.

ஒலிப்பதிவு

‘விங்ஸ் ஆஃப் லிபர்ட்டி’யில் கேட்போர் மறைந்துவிடுகிறார். ஆடுபவர் இப்போது ஜிம் ரேனர். பணிகளுக்கிடையே ஹைப்பீரியன் என்னும் போர்க்கலத்தின் அறைகளில் உலவலாம், மதுக்கூடத்தில் அமரலாம், ஆய்வகத்தில் கருவிகளை மேம்படுத்தலாம், தோழரோடு உரையாடலாம். ஆடுபவர் நினைப்பதை ரேனரே வாய்விட்டுப் பேசிவிடுகிறான். பதவிக்குப் பதில் ஒரு மனிதன் கிடைத்திருக்கிறான். அவனுக்கு முகமும் துயரமும் கோபமும் உண்டு. இதைப் பெரும் முன்னேற்றம் எனக் கொண்டாடியோரே மிகுதி.

இழந்தது எது என்பதை ஒரே நிகழ்வு காட்டிவிடும். ரேனரின் குழு ஒரு தொடர்வண்டிக் கொள்ளையில் பழைய இயந்திர உதவியாளர் ஒன்றைக் கைப்பற்றுகிறது. அதனுள்ளே டார்சோனிஸ் காலத்து ஒலிப்பதிவு இருக்கிறது: சை எமிட்டர்களை இயக்க மெங்ஸ்க் இட்ட ஆணை, ஆட்சி தமக்கு இல்லையேல் அனைத்தும் எரியட்டும் என்னும் அவருடைய வெறி. இப்போது பேரரசராக வீற்றிருக்கும் மெங்ஸ்கின் தலைநகருக்குள் புகுந்து, ஒலிபரப்பு நிலையங்களைக் கைப்பற்றி, அப்பதிவை உலகறியச் செய்வது ஒரு முழுப்பணி. களிப்பூட்டும் பணி அது; நன்கு அமைக்கப்பட்டதும்கூட.

1998இல் அக்குரலை நேரில் கேட்டது யார்? மாஜிஸ்திரேட். டார்சோனிஸின் காவலை உடைத்தது யார்? மாஜிஸ்திரேட்டின் படை. எமிட்டரை முதன்முதல் பயன்படுத்திக் காட்டியது யார்? ஆன்டிகா பிரைமில் அதே கைகள். 2010இல் அந்தக் கைகளே ஒலிப்பதிவை ஏந்திக் குற்றஞ்சாட்டுகின்றன. பதிவில் ஆணையிட்டவரின் குரல் இருக்கிறது. கேட்டுச் செய்தவரின் பெயர் இல்லை, ஏனெனில் அவர்க்குப் பெயரே இருந்ததில்லை. முதல் விளையாட்டில் ஆடுபவரைக் குற்றத்தோடு பிணைத்த அதே பெயரின்மை, இரண்டாம் விளையாட்டில் அவரை விடுவித்துவிடுகிறது. உடந்தையாளர் சாட்சியாகவும் இன்றி வழக்குரைப்பவராகவே மாறிவிட்டார். இதை எழுதியோர் உணர்ந்தே செய்திருந்தால் அது நுட்பமான கசப்பு. ஆனால் பணியின் தொனியில் அதற்கான தடயம் எதுவும் இல்லை. வெற்றிக்களிப்பு மட்டுமே உண்டு. எதிர்நிலைக்கு ‘புரூட் வார்’ இறுதியைக் காட்டலாம். தோற்றுத் திரும்பும் டுகால் தம் மனைவிக்கு எழுதும் மடலில் ஸ்டூகாவைக் கொன்றது தாமே என ஒப்புக்கொள்கிறார். கேப்டன் அங்கும் குறிப்பிடப்படவில்லை. ஆயினும் ஆணையிட்டவர் பழியை ஏற்கும்போது கேட்டவரும் அதன் நிழலில் நிற்கிறார். மெங்ஸ்க் மீது பழி சுமத்தும்போது அந்நிழல் விழுவதில்லை.

தேர்வும் அதன் விலையும்

இரண்டாம் விளையாட்டு ஆடுபவர்க்குத் தேர்வுகளை வழங்குகிறது. ஏரியல் ஹான்சன் என்னும் மருத்துவ அறிஞர் தலைமையில் ஏதிலிகள் ஒரு கோளில் குடியேறுகின்றனர். அவர்களிடையே ஸெர்க் தொற்று பரவியிருப்பதாகக் கூறிப் புரோட்டாஸ் படை அக்குடியேற்றத்தை அழிக்க வருகிறது. மக்களைக் காப்பதா, தொற்றைத் தாமே அழிப்பதா என ஆடுபவர் முடிவுசெய்யவேண்டும். ஏற்கத்தக்க இருதலைச் சிக்கல்தான். ஆனால் காக்கத் துணிந்தால் ஹான்சன் நலமாக விடைபெறுகிறாள். அழிக்கத் துணிந்தால் அவளே தொற்றுக்கு ஆளாகி உருமாறுகிறாள். ரேனர் அவளைக் கொல்ல நேர்கிறது. ஆடுபவர் எதைத் தேர்ந்தாலும் அதுவே சரியானது என்று ஆகும்படி உலகத்தின் உண்மையே மாறிக்கொள்கிறது. டாஷ், நோவா என்னும் இருவருள் எவரை நம்புவது என்னும் இன்னொரு தேர்விலும் இதே கதை: நம்பப்பட்டவர் நேர்மையாளர் ஆகிறார், மற்றவர் வஞ்சகர் ஆகிறார்.

இதே விளையாட்டில் விலை கேட்கும் தேர்வு ஒன்றும் உண்டு. இறுதிப் பணிக்கு முன், எதிரியின் வான்படைத் தளத்தை அழிப்பதா, நிலத்தடிப் புழைவழிகளை அழிப்பதா என்னும் முடிவு. எதை விட்டுவைத்தோமோ அதுவே இறுதிப் பணியில் வந்து தாக்கும். ஆடுபவர் தம் முடிவை நொந்துகொள்ளவும் இடமுண்டு. போர்த்தந்திரத் தேர்வுக்குப் பின்விளைவு உண்டு, அறத்தேர்வுக்கு இல்லை. விதியமைப்பில் இவ்வளவு கைதேர்ந்த வடிவமைப்பாளர்கள் அறத்தைக் கதைக்காட்சியின் பொறுப்பில் விட்டுவிட்டதே இதற்குக் காரணம் எனலாம். 1998இல் அறமும் விதியின் பொறுப்பிலேயே இருந்தது.

‘ஹார்ட் ஆஃப் தி ஸ்வார்ம்’ குறித்து விரித்துரைக்க மிகுதியாக இல்லை. கெரிகனே களத்தில் இறங்கிப் போரிடும் தலைவியாகிறாள், ஆற்றல் கூடிக்கொண்டே போகிறாள், மெங்ஸ்கைப் பழிவாங்குகிறாள். ஆடுபவர் அவளாகவே இருப்பதால் அவளை அஞ்சவோ ஐயுறவோ தொலைவு இல்லை. செரிபிரேட்டாக அவளுடைய ஏவலைக் கேட்டிருந்தபோது அத்தொலைவு இருந்தது.

‘லெகஸி ஆஃப் தி வாய்ட்’ இதனின் மேலானது. புரோட்டாஸ் தலைவன் ஆர்ட்டானிஸ் பிளவுண்ட தன் இனத்தை ஒன்றுசேர்ப்பதே கதை. ஐயுரின் பழைய படையினர், இருள்நெறியாளரான நெராஸிம், இயந்திர உடலினரான பியூரிஃபையர், கொடுநெறிப்பட்ட டால்டரிம் என ஒவ்வொரு பிரிவும் சேரும்போது, அப்பிரிவின் போர்வீரர் வகை ஆடுபவரின் படைக்குக் கிடைக்கிறது. ஒவ்வொரு பணிக்கு முன்னும் எப்பிரிவின் வீரரை எவ்விடத்தில் நிறுத்துவது என அவரே முடிவுசெய்கிறார். ஒற்றுமை பற்றிய ஆர்ட்டானிஸின் நீண்ட உரைகள் சில இடங்களில் சலிப்பூட்டலாம். ஆனால் நான்கு பிரிவினரும் கலந்த படை களத்தில் ஒன்றாக நகரும்போது அவ்வுரை வேண்டாததாகிவிடுகிறது. கதை மீண்டும் கைகளுக்குத் திரும்பிய இடம் அது.

இரண்டாம் விளையாட்டின் எல்லாக் காண்டங்களிலும் உயர்ந்த பணி ‘விங்ஸ் ஆஃப் லிபர்ட்டி’யின் ஓரத்தில் ஒளிந்திருக்கிறது. ஸெராட்டுல் கொணர்ந்த படிகத்தின் வழியே ரேனர் காணும் எதிர்காலக் காட்சி: எஞ்சிய புரோட்டாஸ் மக்களின் கடைசிப் போர். தம் இனத்தின் நினைவுகளைப் பேழையில் அடைத்து முத்திரையிடும்வரை பகையைத் தடுக்கவேண்டும். முத்திரையிட்டாயிற்று, பணியின் இலக்குகள் நிறைவேறிவிட்டன. ஆயினும் ஆட்டம் முடிவதில்லை. எதிரிப்படை வந்துகொண்டே இருக்கிறது, மிகுந்துகொண்டே இருக்கிறது. ஆடுபவர் எவ்வளவு திறமையாகக் காத்தாலும் கடைசி வீரன் வீழும்வரை ஆடித்தான் ஆகவேண்டும். எங்கும் தோல்வியைத் தவிர்க்கப் பழக்கிய விளையாட்டு இங்கே தோற்பதையே முடிவாக வைக்கிறது. ஒன்பதாம் பணியில் ‘வெற்றி’ என்னும் சொல் பொய்த்த இடத்துக்குப் பன்னிரண்டு ஆண்டு கழித்துக் கிடைத்த மறுமொழி போல அது அமைகிறது. அழிவின் அவலத்தை எந்தப் பாத்திரமும் அங்கு விளக்குவதில்லை. இன்னும் ஓர் ஆற்றல்தூணை எழுப்பலாமா எனக் கடைசி நொடிவரை கணக்கிடும் ஆடுபவரின் விரல்களில் அது இருக்கிறது.

இத்தகைய பனுவல்களை ஆய்வேட்டில் விளக்கும்போது மாந்தர் பட்டியலோடு ஒவ்வொரு பணியின் இலக்குகளையும் தோல்வி விதிகளையும் தருவது குறைந்தபட்சத் தேவை. விளையாட்டே அதற்கு இடமளிக்கிறது: பணி தொடங்கும்போது அவை எழுத்தில் தோன்றுகின்றன. முதல் விளையாட்டோடு வழங்கப்பட்ட ‘ஸ்டார்எடிட்’ என்னும் கருவியில் ஒரு பணியின் விதிகள் ‘இன்னது நேர்ந்தால் இன்னது செய்க’ என்னும் நிபந்தனைத் தொடர்களாகவே எழுதப்படுகின்றன. மூலத்தைப் பெறுவதிலும் தடையில்லை. 1998இன் விளையாட்டு 2017 முதல் கட்டணமின்றிக் கிடைக்கிறது. அவ்வாண்டின் நவம்பர் முதல் ‘விங்ஸ் ஆஃப் லிபர்ட்டி’யும் அவ்வாறே. அதே 2017இல் வந்த ‘ரீமாஸ்டர்டு’ பதிப்பு படங்களையும் ஒலியையும் செப்பனிட்டது. பணிகளின் விதிகளில் கைவைக்கவில்லை.